மேடையில் வண்டு இரைந்த கதை: ஆம்ப் மாடலர், பெடல், கேபிள் அனுபவங்கள்

மூன்றாம் கம்பி:

கும்பகோணம் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் வேறு பிழைப்பு, முகூர்த்த நாள் சாயங்காலங்களில் ரிசப்ஷன் கச்சேரி. ஆம்ப் தூக்கித் தூக்கி இடுப்பு போனதால், போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் வாங்கினேன். டிபன் பாக்ஸ் அளவுதான். ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, மைக், பெடல் எல்லாவற்றின் ஒலியையும் கணக்குப் போட்டு உள்ளேயே உண்டாக்கிக் கொடுத்துவிடும். இந்த வகைப் பெட்டிக்குத்தான் மாடலர் என்று பெயர்.

இரண்டு மாதம் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேட்ச் செய்தேன், அதாவது ஒவ்வொரு பாட்டு வகைக்கும் ஓர் ஒலி அமைப்பைச் செய்து சேமித்துவைத்தேன். 80களின் மெலடிக்குக் கோரஸ் போட்ட கிளீன், குத்துப்பாட்டுக்குக் கரகரப்பான ஓவர்டிரைவ், நடுவில் ஒரு பெரிய சோலோ டோன். காதுக்குள் தேன்தான்.

முதல் கச்சேரியில் மேடையில் வாடகை ஆம்ப் ஒன்று இருந்தது. ஆசை விடவில்லை. மாடலரின் அவுட்டை எடுத்து அந்த ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினேன். போர்வைக்குள்ளிருந்து யாரோ மூக்கால் பேசுவதுபோல் கேட்டது. கீபோர்ட்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. மாடலருக்குள் ஆம்ப், எஃபெக்ட் ஒவ்வொன்றும் ஒரு பிளாக்காக வரிசையில் நிற்கும். அதன் கடைசிப் பக்கம் ‘கேப்’ என்றொரு பிளாக் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்தால் ஒலி எப்படி மாறுமோ, அந்தக் குணத்தை ஐஆர் என்ற குட்டி ஒலிக்கோப்பாகப் பிடித்து வைத்திருப்பார்கள். 2048 சாம்பிள் நீளக் கோப்பு என்றால், விநாடிக்கு 48000 சாம்பிள் என்ற கணக்கில் 43 மில்லி விநாடிகூட வராது. டோனில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? ஏற்கெனவே ஸ்பீக்கரும் மைக்கும் போட்ட ஒலியை இன்னொரு ப்ரீஆம்புக்குள் (ஆம்பில் டோனை உருவாக்கும் முதல் பகுதி) விட்டு, இன்னொரு கிட்டார் ஸ்பீக்கர் வழியாகத் தள்ளினேன். இறங்கிய டிகாஷனையே மறுபடி பில்டரில் ஊற்றிய கதை.

சரி, கேப்தானே வில்லன் என்று அடுத்த கச்சேரிக்கு அதை எல்லாப் பேட்சிலும் அணைத்துவிட்டுப் போனேன். அங்கே ஆம்பே இல்லை! நேராக மிக்சருக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஓவர்டிரைவை மிதித்ததும் தகர டப்பாவுக்குள் வண்டை விட்டு மூடியதுபோல் மண்டபம் முழுக்க ‘ங்ஙீ’ என்று ஓர் இரைச்சல். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் கையை விரித்துவிடும், அந்தக் கையாலாகாத்தனம்தான் டிஸ்டார்ஷனின் முள்ளை மழுக்குகிறது. மண்டபத்துப் பிஏ ஸ்பீக்கருக்கு அந்த நாகரிகம் கிடையாது, இருக்கிற முள்ளையெல்லாம் அப்படியே சபைக்குப் பரிமாறிவிடும்.

இப்போது என் வழி இதுதான். ஆம்ப் பிளாக்குக்கும் கேப் பிளாக்குக்கும் நடுவில் ஒரு சென்ட் பிளாக் வைத்திருக்கிறேன், அது அந்த இடத்து ஒலியின் நகலைத் தனி ஜாக்கில் வெளியே அனுப்பும். சென்ட் ஜாக்கிலிருந்து ஒரு கேபிள், மேடை ஆம்பின் பின்பக்க எஃபெக்ட்ஸ் ரிட்டர்னுக்கு. ரிட்டர்னில் போனால் அந்த ஆம்பின் ப்ரீஆம்ப் குறுக்கே வராது, சத்தத்தைப் பெருக்கும் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும். கேப் போட்ட ஒலி மெயின் அவுட்டில் மிக்சருக்குப் போகும். ஆம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்சைத் தொடவேண்டியதில்லை. ஒரே நஷ்டம், கேப்புக்குப் பிறகு வைத்த டிலேயும் (எதிரொலி) ரிவர்பும் (அறை முழக்கம்) மேடை ஆம்பில் வராது. எனக்கு அது பரவாயில்லை.

இதில் அறிவை விடக் கேபிள்தான் அதிகம் செலவானது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எல்லாருமே பேட்ச் விலைக்கு வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எதை எதில் செருகி அவமானப்பட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

ஞாயிறு கிட்டார்:

அண்ணா, உங்கள் ஹெட்போன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிறேன். வீட்டில் மெல்லிய சத்தத்தில் செய்த பேட்ச், பெரிய ஸ்பீக்கரில் வந்ததும் கீழே ‘பூம்’ என்று உருண்டது, மேலே ஊசியாய்க் குத்தியது. பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே இதை அளந்து வைத்துவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிக்குரலையும் உச்சியையும் சரியாக வாங்காது. நாமோ அந்தக் குறையை நிரப்ப பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவைக்கிறோம். சத்தம் கூடியதும் காது விழித்துக்கொள்கிறது, நாம் ஏற்றியதெல்லாம் மூஞ்சியில் அடிக்கிறது.

இப்போது கடைசியில் ஒரு ஈக்யூ (ஒலியின் கீழ், மேல் பகுதிகளை ஏற்றி இறக்கும் பிளாக்) வைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6500க்கு மேலேயும் வெட்டிவிடுகிறேன். தனியாகக் கேட்டால் சப்பென்று இருக்கும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்தால் சரியாக உட்காரும். சனிக்கிழமை ஒத்திகையில் ஹால் ஸ்பீக்கரில்தான் பேட்சை முடிக்கிறேன்.

என் அவமானம் வேறு. பிங்-பாங் டிலே போட்டு ஒரு பேட்ச் செய்தேன், இடது வலது என்று எதிரொலி துள்ளும். ஆராதனையில் பாதி எதிரொலி காணோம். பாஸ்டர்கூட ‘என்ன தம்பி, தாளம் விட்டுப்போகிறது’ என்றார். இரண்டு ஜாக்கிலும் கேபிள் செருகியிருந்தேன், சவுண்ட் அண்ணன் மிக்சரில் இடதை மட்டும் திறந்து வைத்திருந்தார். வலதுபக்கம் போன எதிரொலிகள், மேடையில் கேபிள் செருகும் ஸ்டேஜ் பாக்ஸோடு நின்றுவிட்டன. நிறையப் பெட்டிகளில் இடது ஜாக்கை மட்டும் செருகினால் அதுவே இரண்டையும் சேர்த்து மோனோவாகக் கொடுத்துவிடும். இரண்டையும் செருகினால், ‘இவன் ஸ்டீரியோக்காரன்’ என்று அது நம்பிவிடுகிறது.

லேப்டாப் வாத்தியம்:

நான் மேடையே ஏறாதவன், படுக்கையறைக் கலைஞன். என் கதை ஒரு பொத்தான்.

கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ் வாங்கி, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருளை இறக்கிக்கொண்டேன். அதில் போட, பலர் தங்கள் ஆம்பைப் பிடித்துச் செய்த மாடல்கள் கிடைக்கும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எந்த ஆம்ப் போட்டாலும் மந்தமாக, ஈரத்துணி போர்த்தியது மாதிரி இருந்தது. கிட்டாரின் பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தம்) செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். புதுப் பிக்கப் வாங்கி, சால்டர் வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து மாற்றினேன். அதே ஈரத்துணி. மூன்று மாதம் கழித்து, தூசி துடைக்கும்போது விரல் பட்டு ‘இன்ஸ்ட்ருமென்ட்’ பொத்தான் அமுங்கியது. திரை விலகியது போல ஒலி திறந்தது.

காரணம் இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு எதிரே நிற்கும் மின்தடை. அது குறையக் குறையப் பிக்கப்புக்குப் பாரம் கூடும். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகாஓம் இருக்கவேண்டும். லைன் இன்புட் (கீபோர்ட் போன்றவற்றுக்கானது) என்றால் பல பெட்டிகளில் 10 கிலோஓம் சுற்றுவட்டாரம்தான். அவ்வளவு பாரத்தைப் பிக்கப் இழுக்கமுடியாமல் உச்ச ஒலியைக் கீழே போட்டுவிடுகிறது. பழைய பிக்கப்பை மறுபடி மாட்டவில்லை, வெட்கம்.

அப்புறம் இன்னொரு தப்பு: சிவப்பு விளக்கு வராத அளவுக்கு கெயினை முட்ட முட்ட ஏற்றி வைத்திருந்தேன். பாட்டு ரெக்கார்ட் செய்ய அது சரி. ஆம்ப் மாடலோ, நிஜ ஆம்புக்குள் கிட்டார் எவ்வளவு வோல்டேஜோடு போகுமோ அதையே எதிர்பார்க்கிறது. கூடுதலாகக் கொடுத்தால் கிளீன் ஆம்பும் கரகரக்கும். ‘இந்த மாடல் நன்றாக இல்லை’ என்று பாதிப் பேரின் உழைப்பை டெலீட் செய்திருக்கிறேன். அவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

ஃபஸ் பைத்தியம்:

இம்பிடன்ஸ் என்றதும் ஓடி வந்தேன். கோயம்புத்தூர். நானே பெடல் கட்டுவேன், விற்பதில்லை, வீட்டில் திட்டு வாங்கமட்டும்.

1966ல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற கரகரப்புப் பெடலின் சர்க்யூட்டை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டுக் கட்டினேன். நேராகக் கிட்டாரைச் செருகினால் அமிர்தம். கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் போதும், கரகரப்பு கரைந்து மணி மாதிரி ஒரு கிளீன் வரும். அதையே மாடலரின் லூப்பில் (சென்டில் வெளியே போய் ரிட்டர்னில் திரும்பும் பாதை) வைத்தேன், செத்த பாம்பு. சீறல் இருக்கிறது, உயிர் இல்லை. வால்யூமைக் குறைத்தால் கிளீன் ஆகவில்லை, மெலிந்த இரைச்சலாக மாறியது.

அந்தச் சர்க்யூட்டின் இன்புட் இம்பிடன்ஸ் ரொம்பக் குறைவு. அது பிக்கப்போடு நேரடியாகக் கைகோத்தால்தான் வேலை செய்யும். பிக்கப்பின் கம்பிச் சுருளும் கிட்டாரின் வால்யூம் குமிழும் சர்க்யூட்டின் ஓர் உறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடலருக்குள் நுழைந்தாலே ஒரு பஃபரை (சிக்னலை வாங்கி வலுவாக்கித் திரும்பக் கொடுக்கும் சர்க்யூட்) தாண்டவேண்டும், அதன் பிறகு லூப்பில் கிடைப்பது பிக்கப்பே இல்லை. முன்னால் பாஸ் (Boss) கம்பெனி ட்யூனர் பெடல் ஒன்று இருந்தாலும் இதே கதை, அணைத்து வைத்தாலும் அதன் பஃபர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கிட்டார், ஃபஸ், மற்றதெல்லாம் பிறகு. வயர்லெஸ் மாட்டினாலும் போச்சு.

பஃபரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபேரட் கெபாசிடன்ஸ் வைத்திருக்கும். ஆறு மீட்டர் கேபிள், ஆறேழு ட்ரூ பைபாஸ் பெடல் (அணைத்தால் சிக்னலை பஃபர் இல்லாமல் அப்படியே கடத்துவது), மறுபடி ஆறு மீட்டர் என்றால் உச்ச ஒலி வழியிலேயே வற்றிவிடும். ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பஃபர் இருப்பது நல்லது. ‘ட்ரூ பைபாஸ்தான் சுத்தம்’ என்று மந்திரம் ஓதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

இதை எல்லாம் சொல்கிறேனே, சித்திரை வெயிலில் திறந்தவெளி மேடையில் ஜெர்மானியம் ஃபஸ்ஸோடு நின்று பாருங்கள். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டரின் பயாஸ் (அது நிற்கவேண்டிய மின் நிலை) நகர்ந்து, கடைசிப் பாட்டில் பெடல் விக்கும். அந்த நாட்களுக்குச் சிலிக்கான் போட்ட இன்னொன்று வைத்திருக்கிறேன்.

பழைய வாத்தியக்காரன்:

பிள்ளைகளே, ஆம்ப் மாதிரி ஒலிக்கும் பெட்டிகளில் 1989ல் சான்ஸ்ஆம்ப் வந்தது, 1998ல் சிவப்பு அவரைக்காய் மாதிரி லைன் 6 பாட் (POD) வந்தது, ஆம்ப் இல்லாமல் மிக்சருக்குப் போவது ஒன்றும் புதிதில்லை. எங்கள் குழுவில் ஜூம் 505 என்ற எஃபெக்ட்ஸ் பெடலை மிக்சரில் செருகி வருடக்கணக்காக ஓட்டினோம். டோன் சுமார்தான். யாரும் எழுந்துபோகவில்லை.

எனக்கு வந்த தொல்லை எல்லாம் கரண்டில்தான். நாலு கேபிள் முறை என்று ஒன்றைப் பேரன் கட்டிக்கொடுத்தான். கிட்டார் மாடலருக்கு, மாடலரின் சென்ட் ஆம்பின் முன்பக்கத்துக்கு, ஆம்பின் சென்ட் மாடலரின் ரிட்டர்னுக்கு, மாடலரின் அவுட் ஆம்பின் ரிட்டர்னுக்கு. ஓவர்டிரைவ் ஆம்புக்கு முன்னாலும், டிலே ரிவர்ப் ஆம்பின் ப்ரீஆம்புக்குப் பின்னாலும் உட்காரும். நல்ல ஏற்பாடு, வீட்டில் பிரமாதம். மண்டபத்தில் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்கும் சேர்ந்து கோயில் யானை போல நின்றன. மாடலர் ஒரு பிளக்கில், ஆம்ப் இன்னொரு பிளக்கில், இரண்டையும் நடுவில் ஓடும் மூன்று கேபிளின் ஷீல்டு (கேபிளைச் சுற்றிய எர்த் உறை) இணைக்கிறது. எர்த்துக்கு இரண்டு பாதை, வளையம் போட்டுவிட்டது.

அங்கிருந்த எலக்ட்ரீஷியன் ஆம்பின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடலாம் என்றார். உறுமல் நின்றிருக்கும்தான். வால்வ் ஆம்புக்குள் 400 வோல்ட் ஓடுகிறது, ஏதாவது பழுதானால் அது திரும்பிப்போக மிச்சமிருக்கும் வழி உங்கள் கம்பியும் மைக்கில் இருக்கும் உங்கள் உதடும். வேண்டாம் என்று கும்பிட்டேன். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினேன், பாதி குறைந்தது. மாடலரின் சென்டிலிருந்து ஆம்பின் முன்பக்கம் போகும் கேபிளில் டிரான்ஸ்பார்மர் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டேன், மீதி போனது. மிக்சருக்குப் போவதற்கு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் விடுவிப்பது, அதைத் தாராளமாகத் தட்டலாம்.

சின்னக் கம்பி:

நான் புதுசு. பத்து நாள்தான் ஆகிறது. ஒரு அடாப்டரில் கிளை வயர் போட்டு ஐந்து பெடல் ஓட்டுகிறேன். டிஜிட்டல் டிலே சேர்த்ததும் விசில் சத்தம் வருகிறது. பெடல் பழுதா?

ஃபஸ் பைத்தியம்:

பழுதில்லை தம்பி. டிஜிட்டல் பெடலின் கிளாக் இரைச்சல் அந்தப் பொது வயர் வழியாக உங்கள் ஓவர்டிரைவுக்குள் போகிறது, அது அதையும் பெருக்கித் தருகிறது. டிலேயை மட்டும் தனி அடாப்டரில் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால், ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளைக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம். மில்லி ஆம்பியரையும் பாருங்கள். ஓவர்டிரைவ் 10 குடித்தாலே அதிகம், பெரிய டிஜிட்டல் பெடல் 300ஐத் தாண்டும். அந்த ஐந்தில் ஜெர்மானியம் ஃபஸ் ஏதாவது உண்டா? பாசிட்டிவ் கிரவுண்ட் என்றால் அதைக் கிளை வயரில் மற்றதோடு சேர்க்கவே கூடாது, ஷார்ட் ஆகிவிடும்.

சின்னக் கம்பி:

ஃபஸ் இல்லை. தனி அடாப்டரில் போட்டேன், நின்றுவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் கம்பி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாயவரத்தில் கச்சேரி. ஞாயிறு கிட்டார் சொன்னபடி மேலும் கீழும் வெட்டினேன், இடது ஜாக் மட்டும், டிஐ பாக்ஸ் வழியாக. சவுண்ட் செக்கில் சவுண்ட் அண்ணன் என் ஃபேடரைத் தொடவே இல்லை. தொடவில்லையே என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இடைவேளையில் போய்ப் பார்த்தால் மிக்சரில் ஒட்டியிருந்த டேப்பில் ‘கீபோர்ட் 2’ என்று எழுதியிருந்தது. என்னுடைய சேனல்தான்.