இரவு பன்னிரண்டரைக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும்?

திருச்சிக்காரி:

தனியாகப் போய் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்ய ஊர் தேடுகிற பெண்கள் படித்துவிட்டு உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நான் லண்டன் கம்பெனி ஒன்றுக்குச் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன், முழுக்க ரிமோட். மலேசியாவில் பினாங்கில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். போவதற்கு முன்னால் இரண்டு மாதம் உட்கார்ந்து தேடினேன். எக்செல் ஷீட் போட்டு வாடகை, நெட் வேகம், சாப்பாடு, விசா, பெண்களுக்குப் பாதுகாப்பு என்று யார் யாரோ போட்ட மார்க் வரைக்கும் எல்லாம் நிரப்பியிருந்தேன். வேலை அங்கே எத்தனை மணிக்கு முடியும் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் போடவில்லை.

லண்டனில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது என்றால் நமக்குப் பகல் ஒன்றரை, இரவு பத்துக்கு லேப்டாப்பை மூடிவிடலாம். பினாங்கில் அதே வேலை மாலை நாலுக்குத் தொடங்கி இரவு பன்னிரண்டரைக்குத்தான் முடிகிறது, அக்டோபர் கடைசியில் லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்ததும் ஒன்றரை ஆகிவிடும். பினாங்கின் முக்கிய நகரமான ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் இருக்கிற பகுதியில் அறை, பன்னிரண்டு நிமிட நடையில் கோ-ஒர்க்கிங் இடம், அதாவது மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிற இடம். பகலில் அந்தத் தெருவைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். நான் படித்த குறிப்புகள் எல்லாம் அந்தப் பகலைத்தான் சொல்லியிருந்தன.

இரவில் கடைகளின் ஷட்டர் எல்லாம் இறங்கிவிடுகிறது. கடைவாசல் நடைபாதையில் பைக்கும் சாமானும் அடைத்துக்கொண்டிருப்பதால் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். மூன்றாவது நாள் ஒரு பைக் என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது, தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் குறைத்தது. எதுவும் நடக்கவில்லை. ஆனால் அறைக்குள் போய்ப் பையைக் கீழே வைக்கும்போது கை நடுங்கியது.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். “பசியாறியாச்சாம்மா?” என்றுதான் ஆரம்பித்தார், அங்கே அப்படித்தான் கேட்பார்கள். தெருப் பெயரைச் சொன்னதும், “பகல்ல நல்ல இடம்மா. ராத்திரியில நாங்களே அந்தப் பக்கம் நடக்க மாட்டோம், கிராப் போட்டுக்குவோம். பையை ரோட்டுப் பக்கம் மாட்டாத, பைக்ல வந்து இழுத்துட்டுப் போயிடுவானுங்க” என்றார். அப்புறம் புலாவ் திக்குஸ் பக்கம் பாரு, குடும்பங்கள் இருக்கிற பிளாட்டா, கீழே ஜாகா இருக்கிற இடமா பாரு என்றார். காவலாளியை அங்கே ஜாகா என்கிறார்கள், கிராப் என்பது போனில் கார் கூப்பிடுகிற ஆப். என் இரண்டு மாத ஷீட்டில் இல்லாதது பத்து நிமிடத்தில் கிடைத்தது.

அந்த வாரமே மாறினேன். இன்னொரு காரணமும் உண்டு. முதல் விடுதியில் சாவி கொடுக்கும்போது ரிசப்ஷனில் இருந்தவர் என் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னார், பக்கத்தில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரவு யாரோ கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்டேன், பதில் இல்லை, திறக்கவும் இல்லை. உள்தாழ்ப்பாள் லேசாக ஆடியது, நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு விடியும்வரை விழித்திருந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் எண்ணைச் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிடுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

புலாவ் திக்குஸில் எடுத்த வீட்டுக்கு இப்படித்தான் விசாரித்தேன். உள்தாழ்ப்பாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நெட் ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டில் அப்லோட் எவ்வளவு என்று பார்த்தேன், எல்லோரும் டவுன்லோடைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள், ஆனால் வீடியோ காலில் நம் முகம் உறைந்து நிற்பது அப்லோடால்தான். கூகுள் மேப்ஸில் புதிய ரிவ்யூக்களை முதலில் வரிசைப்படுத்தி, அதில் நைட், லாக், அலோன் என்று தேடினேன். அப்புறம் இரவு பதினொன்றுக்குக் கீழே இருக்கும் காவல் அறைக்கு ஒரு போன். யார் எடுக்கிறார்கள், எடுக்கிறார்களா, எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

விசா பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம் என்பதை வைத்துக்கொண்டு லேப்டாப்போடு கிளம்பாதீர்கள், அது சுற்றிப் பார்க்கத்தான். ரிமோட் வேலைக்கு டிஇ ரந்தாவ் பாஸ் என்று தனியாக உண்டு. தொழில்நுட்ப வேலை என்றால் வருடம் 24,000 டாலராவது சம்பளம் காட்ட வேண்டும், மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை தருகிறார்கள். ஏதாவது ஆகி போலீசுக்குப் போக வேண்டி வந்தால் நம் தாள்கள் சரியாக இருக்க வேண்டும். தயங்காமல் புகார் கொடுக்க முடிவதும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

கோவை:

அக்கா, நேர வித்தியாசத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு அப்படியே பொருந்தும். எனக்கும் லண்டன் டீம்தான், அதனால் கிழக்கே வேண்டாம் என்று மொரீஷியஸ் போனேன். கோடையில் மதியம் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தால் எட்டரைக்கு முடிந்துவிடும். ரிமோட் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே பிரீமியம் விசா உண்டு. நான் போனபோது அதற்குக் கட்டணம் கிடையாது, மாதம் 1,500 டாலர் வருமானம் காட்டினால் ஒரு வருடம் வரை இருக்க முடிந்தது.

ஆனால் நான் தப்பு செய்த இடம் வேறு. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, அதனால் தமிழிலேயே விசாரித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போனேன். பெயரில் தமிழ் இருக்கும், கோவிலில் இருக்கும், பேச்சு பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழிதான். நான் பேசிய பெண்கள் அன்பானவர்கள், நான்தான் நாலு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளாமல் போய்விட்டேன். முதலில் ஃபிளிக் அன் ஃபிளாக்கில் கடற்கரை ஓரமாக வீடு. பொழுது சாய்ந்ததும் பஸ் குறைந்துவிடுகிறது, டாக்சிக்கு அவர்கள் சொன்னதுதான் விலை. வேலை எட்டரைக்கு முடிந்தும் வெளியே போக முடியாமல் ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பிறகு காத்ர் போர்ன் போனேன், மெட்ரோ வருகிற ஊர், சந்தையும் கடைகளும் நடக்கிற தூரம். கடல் இல்லை, ஆனால் நிம்மதி இருந்தது.

போகிறவர்கள் புயல் மாதங்களையும் பாருங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை அதிகம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நாலு வரை ஏறும், மூன்று வந்தால் பஸ், கடை எல்லாம் நின்றுவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருப்பீர்கள். தனியாக இருக்கும்போது தண்ணீர், பவர் பேங்க், நாலு நாள் சாப்பாடு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நெல்லை:

நான் போனது தாய்லாந்தில் சியாங் மாய். மார்ச்சில் வாடகை குறைவாக இருந்தது, ஏன் என்று கேட்கவில்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகை ஊரை மூடிவிடும், எனக்கு இழுப்பு உண்டு. பதினோராவது நாள் கிளம்பிவிட்டேன். நான் படித்த பாராட்டுகள் எல்லாம் டிசம்பரில் எழுதப்பட்டவை என்று அப்புறம்தான் கவனித்தேன். மற்றபடி எனக்கு அங்கே பயம் என்று எதுவும் வரவில்லை, சுற்றுலா போலீஸ் எண் 1155.

காரைக்குடி:

அக்கா, வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பினாங்கு என்றால் அம்மா ஓரளவு சம்மதிப்பார், ஆனால் அங்கே எனக்கு யாரையும் தெரியாது. அந்தப் பூக்கடை அக்கா மாதிரி ஒருவரைப் போகும் முன்னாலேயே எப்படிப் பிடிப்பது?

திருச்சிக்காரி:

போகும் முன்னால் கஷ்டம்தான்ம்மா. அதனால்தான் இப்போது நான் மாத வாடகைக்கு முன்பணம் கட்டுவதில்லை. முதலில் மூன்று இரவு மட்டும் எடுக்கிறேன், பகலில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுகிறேன். கோலாலம்பூர் வரை விமானம், அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், பிறகு ஃபெரி என்றால் காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். அந்த மூன்று நாளில் மருந்துக்கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை என்று பெண்கள் நிற்கிற இடமாகப் போய், இந்தத் தெருவில் உங்கள் பெண்ணை இரவு ஒரு மணிக்கு நடக்க விடுவீர்களா என்று நேராகக் கேட்டுவிடுவேன். பாதுகாப்பா என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், உங்கள் பெண்ணை விடுவீர்களா என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள்.

மலேசியாவில் அவசர எண் 999, அம்மாவிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. பினாங்கு முடிவானால் எனக்கு எழுது, புலாவ் திக்குஸ் வீட்டு அம்மாவிடம் நான் பேசுகிறேன்.