புதிய ஆம்பியன்ட் ஆல்பங்களில் உட்கார்ந்து கேட்க எவை?

கடைசிவண்டி:

வணக்கம். பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', ஏஃபெக்ஸ் ட்வினின் 'செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2', வில்லியம் பசின்ஸ்கியின் 'தி டிஸின்டிகிரேஷன் லூப்ஸ்' எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கம். புதிதாக வருபவற்றில்தான் குழப்பம். செயலியைத் திறந்து ஆம்பியன்ட் (தாளமோ பாட்டோ முன்னிற்காமல் சூழலாகப் பரவும் இசை) என்று தேடினால் தூக்கத்துக்கு, படிப்புக்கு, தியானத்துக்கு என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. அதில் எதைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் என்ன ஓடுகிறது என்பதே மறந்துவிடுகிறது.

கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் டிம் ஹெக்கரின் 'நோ ஹைஸ்' (2023) எனக்குப் பிடித்தது. காலி மலோனின் 'ஆல் லைஃப் லாங்' (2024) ஆல்பத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று போட்டேன். மூன்றாவது பகுதிக்கு மேல் போக முடியவில்லை. நீண்ட நீண்ட ஸ்வரங்கள் வருகின்றன, போகின்றன. இதில் நான் எதைக் கவனிக்க வேண்டும்? இது எலக்ட்ரானிக் இசைதானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொரு கேள்வி. நம் இசையோடு உண்மையான உறவு உள்ள ஆல்பம் ஏதாவது உண்டா? சின்தசைசர் மேல் புல்லாங்குழலை ஒட்டிவைத்த வகை வேண்டாம். நான் கேட்பது பெரும்பாலும் இயர்போனில், வேலை முடிந்து திரும்பும் மின்சார ரயிலில்.

மந்தரம்:

நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மூன்றாவது பகுதி 'நோ சன் டு பர்ன்', பித்தளைக் குழல்களுக்கு எழுதியது. அதே இசை எட்டாவது பகுதியில் குழாய் ஆர்கனில் திரும்பி வருகிறது. அதேபோல, இரண்டாவதாக ஆர்கனில் வரும் 'ஆல் லைஃப் லாங்' ஒன்பதாவதாகப் பாடகர் குழுவின் குரலில் வருகிறது. ஆல்பம் கிட்டத்தட்ட 78 நிமிடம். முதல் முறையே முழுதாகக் கேட்க வேண்டாம். 3, 8 இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அப்புறம் 2, 9. எழுதிய இசை ஒன்றுதான். குழல் ஊதுபவர் மூச்சு வாங்க வேண்டும், அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் கடைசியிலும் ஒரு சிறு தளர்வு இருக்கும். ஆர்கனுக்கு மூச்சு தீராது. விரலை எடுக்கும்வரை ஸ்வரம் அப்படியே நிற்கும். அது நிற்கும்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று காது தேட ஆரம்பிக்கும்.

நான் வீணைக்காரி. ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். இந்த இசைக்குள் நான் வந்தது சுருதி வழியாகத்தான், அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

இந்த ஆல்பத்தில் வரும் ஆர்கன்கள் மூன்று ஊர்களில் இருப்பவை: சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒரு தேவாலயம், ஆம்ஸ்டர்டாமின் ஆர்கல்பார்க் அரங்கம், ஸ்வீடனின் மால்மோ கலை அருங்காட்சியகம். மூன்றும் மீன்டோன் என்ற பழைய ஐரோப்பிய முறையில் சுருதி சேர்த்தவை. இன்றைய பியானோவிலும் கீபோர்டிலும் ஒரு ஸ்தாயியை 12 சம பங்காக வெட்டிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட் தள்ளி இருக்கும் (ஒரு ஸ்தாயிக்கு மொத்தம் 1200 சென்ட்). இயற்கையான காந்தாரம் 5:4 விகிதத்தில் வரும், அது 386 சென்ட். தம்பூராவில் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் யாரும் வாசிக்காத ஒரு காந்தாரம் மேலே எழும் இல்லையா? அது இந்த 386தான். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலை நகர்த்தி நகர்த்தி நாம் தேடுவதும் அந்த மேல்ஒலிகள் தெளிவாகத் திறக்கும் இடத்தைத்தான்.

மீன்டோனில் பரவலாக உள்ள வகை, இந்தக் காந்தாரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காகப் பஞ்சமத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. 702 சென்ட் இருக்க வேண்டிய பஞ்சமம் ஏறக்குறைய 697க்கு இறங்கிவிடும். கேட்கும்போது காந்தாரம் அசையாமல் நிற்கும், பஞ்சமம் மெதுவாக அலையும். மலோன் அந்த நிலைத்த ஒலிக்கும் அலையும் ஒலிக்கும் நடுவே உங்களை நடத்திக் கூட்டிப்போகிறார். ஒரு சேர்க்கை மாறும்போது மெட்டு எங்கே போகிறது என்று பார்க்காமல் அலை கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் நடக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றிய இடங்களில் நடப்பது இதுதான். எனக்கு இந்தப் பத்தாண்டில் வந்த ஆல்பங்களிலேயே இதுதான் மிகப் பெரியது. தயங்காமல் சொல்வேன்.

எலக்ட்ரானிக் இசையா என்று கேட்டிருக்கிறீர்கள். மலோன் ஸ்டாக்ஹோமின் அரச இசைக் கல்லூரியில் எலக்ட்ரோஅகூஸ்டிக் (மின்னொலியும் பதிவுசெய்த ஒலியும் கலந்த) இசையமைப்பு படித்தவர். ஸ்வரத்தை அவர் அணுகும் விதம் முழுக்க ஆஸிலேட்டர் என்ற மின்னொலி எழுப்பும் கருவி வைத்து வேலை செய்பவருடையது. அது நேராகத் தெரிய வேண்டுமென்றால் 'லிவிங் டார்ச்' (2022) கேளுங்கள். அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம், இரண்டே பகுதி. பாரிஸின் ஜிஆர்எம் என்ற மின்னிசை ஸ்டுடியோ கேட்டுக்கொண்டதால் செய்தது. டிராம்போன், பாஸ் கிளாரினெட், சைன் அலைகள் (மேல்ஒலி எதுவும் சேராத தூய மின்னொலி), அவற்றோடு பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீக் வைத்திருந்த ஏஆர்பி 2500 சின்தசைசர். எங்கே ஊதுகருவி முடிகிறது, எங்கே மின்னொலி தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் இதைக் கேட்டுவிட்டு 'ஆல் லைஃப் லாங்'குக்குத் திரும்பினால் உங்களுக்கு வழி திறக்கும் என்று நினைக்கிறேன்.

'டஸ் ஸ்பிரிங் ஹைட் இட்ஸ் ஜாய்' (2023) என்று ஒன்று இருக்கிறது, மூன்று மணி நேரம். மலோனின் சைன் அலைகள், லூசி ரெயில்டனின் செல்லோ, ஸ்டீஃபன் ஓமாலியின் கிதார். 2020 பொதுமுடக்கத்தின்போது பெர்லினில் உருவானது. 220 ஹெர்ட்ஸும் 221 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு ஒரு துடிப்பு பிறக்கும். இந்த ஆல்பம் அப்படிப்பட்ட துடிப்புகளால் ஆனது. ஆனால் இதை இயர்போனில் கேட்காதீர்கள். அறையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலையைக் கொஞ்சம் திருப்புங்கள், ஒலியே மாறும். நிற்கும் இடம் மாறினால் இன்னொன்று கேட்கும்.

'நோ ஹைஸ்' உங்களுக்குப் பிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் சலித்துக்கொண்ட அந்தத் தூக்கப் பட்டியல்களுக்கு எதிராகவே ஹெக்கர் செய்த ஆல்பம் அது. முதல் பகுதியிலேயே தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் தட்டுவதுபோல ஒரே ஸ்வரம் துடித்துக்கொண்டிருக்கும். காலின் ஸ்டெட்சனின் சாக்ஸபோன் வந்த பிறகும் உச்சத்துக்குப் போக விடமாட்டார். பெயரிலேயே சொல்லிவிட்டார். இது பிடித்தவருக்கு அவருடைய 'கோனோயோ' (2018) கட்டாயம் பிடிக்கும். ஜப்பானிய அரசவை இசையான ககாக்கு வாசிக்கும் கலைஞர்களை டோக்கியோவுக்கு வெளியே ஒரு கோயிலில் வைத்துப் பதிவுசெய்து, அதைக் கணினியில் பிசைந்து செய்தது. ஷோ என்ற மூங்கில் வாய்க்கருவி அதில் வருகிறது. மூச்சை உள்ளே இழுத்தாலும் வெளியே விட்டாலும் ஒலிக்கும் கருவி அது, அதனால் ஒலி அறுபடாமல் ஓடும்.

தூக்கத்துக்கு இசை கேட்பது தப்பென்று நான் சொல்லவில்லை. நீலாம்பரி பாடித்தானே நம் வீடுகளில் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள். ஆனால் நல்ல நீலாம்பரியை விழித்திருந்து முழுதாகக் கேட்கவும் முடியும். அந்தப் பட்டியல்களில் இருப்பவற்றை அப்படி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவை தாங்காது. என் அளவுகோல் அதுதான்.

ஃபேடர்:

மந்தரம் அக்கா சொன்ன சுருதி விஷயம் அருமை. ஒலிப்பதிவு ஆள் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

ரயிலில் 'ஆல் லைஃப் லாங்' வேண்டவே வேண்டாம். ஆர்கனின் 16 அடிக் குழாய் கொடுக்கும் அடி ஸ்வரம் ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸ். ரயிலின் உறுமலும் கீழ்ச்சுருதிப் பக்கம்தான் திரண்டிருக்கும், அது இதை அப்படியே மூடிவிடும். அக்கா சொன்ன மெல்லிய அலையெல்லாம் அங்கே காணாமல் போகும். உங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று தோன்றியதில் பாதிப் பங்கு ரயிலுடையது.

ஒரே ஒரு இடத்தில் அக்காவோடு உடன்படமாட்டேன். மலோனின் சிறந்த ஆல்பம் 'தி சாக்ரிஃபிஷியல் கோட்' (2019). அதில் மைக்கை ஆர்கன் குழாய்களுக்கு மிக அருகில் வைத்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். தேவாலயத்தின் எதிரொலி கிட்டத்தட்ட இல்லை. ஆர்கன் என்றாலே நமக்கு வரும் பிரம்மாண்ட உணர்வை எடுத்துவிட்டு வெறும் காற்றையும் குழாயையும் மட்டும் விட்டுவைத்த பதிவு. கருவியை இவ்வளவு பக்கத்தில் நின்று கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. 'ஆல் லைஃப் லாங்'கில் பாடகர் குழு வரும்போது எனக்கு அழகு கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது.

ரயிலுக்கு லாரல் ஹேலோவின் 'அட்லஸ்' (2023). பியானோ, செல்லோ, வயலின், சாக்ஸபோன் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலைத்து, எது முன்னால் எது பின்னால் என்று தெரியாதபடி செய்திருக்கிறார். வெளிச் சத்தம் கொஞ்சம் கலந்தாலும் அது கெடாது.

ரியூச்சி சகமோட்டோவின் '12' (2023) கேட்டீர்களா? புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் நாட்குறிப்புபோலப் பதிவுசெய்தவற்றிலிருந்து பன்னிரண்டை எடுத்து வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் பதிவுசெய்த தேதிதான் தலைப்பு. ஜனவரியில் ஆல்பம் வந்தது, மார்ச்சில் அவர் காலமானார். பியானோவுக்கு நடுவே அவர் மூச்சு கேட்கும். வேறு ஒருவராக இருந்தால் மிக்ஸில் அதை எடுக்கச் சொல்லியிருப்பார். அவர் வைத்திருக்கிறார். இதற்கு நல்ல ஹெட்போன் வேண்டும், அமைதியான அறையும் வேண்டும்.

கூடல்வாசி:

நம் இசையோடு உறவுள்ள ஆல்பம் பற்றிய இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, நான் தொடங்கிவைக்கிறேன். 'தி என்ஐடி டேப்ஸ்' (2023). அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவித்தந்தார். அதில் 1972 வரை நம் ஆட்கள் செய்த இசை காந்தநாடாக்களில் கிடந்தது. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடி எடுத்துத் தொகுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரின் இசை இருக்கிறது. 1940களில் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தாரே, அதே கீதா சாராபாய். ஆம்பியன்ட் என்று முழுதாகச் சொல்ல முடியாது. சில பகுதிகள் வெறும் சோதனை, பாதியில் நின்றுவிடும். ஆனாலும் இந்தியாவில் எலக்ட்ரானிக் இசை 1982இல் சரண்ஜித் சிங் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த ஆல்பத்திலிருந்துதான் ஆரம்பம் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மந்தரம்:

கூடல்வாசி, சரியான இடத்தைத் தொட்டீர்கள். அந்தத் தொகுப்பைக் கேட்கும்போது எனக்கு மனம் கனத்தது. இவ்வளவு முன்னால் தொடங்கிய வேலை நாடாவிலேயே கிடந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்குக் கேட்கக் கிடைத்திருந்தால் இன்று நம்மிடம் ஒரு மரபே இருந்திருக்கும்.

இன்றைக்கு வருபவர்களில் ஆருஷி ஜெயின். ஹிந்துஸ்தானி கற்றவர், மாடுலர் சின்தசைசரில் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி எழுப்பும் கருவி) இசையமைப்பவர். 'அண்டர் த லைலாக் ஸ்கை' (2021) சூரியன் சாயும் நேரத்துக்கென்று செய்தது. 'டிலைட்' (2024) முழுக்க பாகேஸ்ரீ ராகத்திலிருந்து பிறந்தது. கடைசிவண்டி வேண்டாம் என்று சொன்ன ஒட்டுவேலை இதில் இல்லை. ஏனென்றால் ராகம் மேலே வைத்த அலங்காரமாக வரவில்லை. எந்த ஸ்வரம் திரும்பத் திரும்ப வர வேண்டும், எதில் நின்று எதைத் தொட வேண்டும் என்பதையே ராகம்தான் முடிவு செய்கிறது. பாகேஸ்ரீயில் மத்தியமத்துக்கு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

குறை ஒன்று சொல்வேன். சின்தசைசர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும், ஆனால் கமகம் வெறும் வழுக்கல் இல்லை. வீணையில் தந்தியை மெட்டின் (தண்டியில் பதித்த பித்தளைக் கம்பி) மேல் இழுத்துப் பிடிக்கும்போது விரலுக்கு எதிர்ப்பு இருக்கிறது, அந்த எதிர்ப்பு ஒலியில் கேட்கும். 'டிலைட்'டில் அது கிடைப்பது அவர் குரல் வரும் இடங்களில் மட்டும். குரல் விலகியதும் ராகம் கொஞ்சம் தட்டையாகிவிடுகிறது. ஆனாலும் இந்தத் திசையில் இவ்வளவு தூரம் பொறுமையாகப் போனவர்கள் குறைவு. அவருடைய அடுத்த ஆல்பத்துக்காகக் காத்திருக்கிறேன்.

ஃபேடர் தம்பி, 'தி சாக்ரிஃபிஷியல் கோட்' பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. கருவியை அருகில் கேட்கலாம், உண்மை. ஆனால் குரலில் வரும் 'ஆல் லைஃப் லாங்'கில் பாடகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுச் சுருதியைச் சரிசெய்துகொண்டே போகிறார்கள். ஆர்கனால் அது முடியாது. அழகு அதிகமாகிவிட்டது என்றீர்கள், எனக்கு அது உழைப்பாகக் கேட்கிறது.

கடைசிவண்டி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வீட்டில் 3, 8 இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஆர்கனில் வந்தபோது ஒரு இடத்தில் அந்த மெதுவான அலை தெளிவாகக் கேட்டது, அடுத்த சேர்க்கை வந்ததும் நின்றுவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே இடத்தில் அதே அலை. 2, 9 இன்று கேட்கப்போகிறேன். 'லிவிங் டார்ச்' கேட்க நாற்பது வாட் ஸ்பீக்கர் ஜோடி போதுமா? ஹால் சின்னது, பக்கத்து வீட்டுச் சுவரும் ஒட்டியே இருக்கிறது.

ஃபேடர்:

தாராளமாகப் போதும். சத்தம் அதிகம் வைக்க வேண்டியதில்லை, சாதாரணமாகப் பேசும் அளவு இருந்தாலே போதும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், மூலையில் வைத்தால் அடி ஒலி வீங்கிவிடும். ஈக்வலைசரில் பேஸ் ஏற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். மின்விசிறியையும் அந்த அரைமணி நேரம் நிறுத்திவிடுங்கள். இரண்டாம் பகுதியில் ஒலி தடித்துக்கொண்டே போகும், அங்கே கையை ரிமோட்டுக்குக் கொண்டுபோகாமல் இருங்கள்.