ஸ்லீவா, பைபாஸா? நெஞ்செரிச்சல் ஒரு பக்கம், மூட்டுவலி மாத்திரை மறுபக்கம்

அக்காவுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் என்பது முடிவாகிவிட்டது. ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸா (இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது) என்பதில்தான் சிக்கி நிற்கிறோம். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

வயது 44, மதுரை. உயரம் 158 செ.மீ., எடை 109 கிலோ, பிஎம்ஐ 43.7. சர்க்கரை 9 வருடமாக. மெட்ஃபார்மினோடு இன்சுலின் 30 யூனிட், ஹெச்பிஏ1சி (3 மாத சராசரி சர்க்கரை) 9.1. ஹீமோகுளோபின் 9.8.

1200 கலோரி சாப்பாடு 6 மாதம்: 7 கிலோ இறங்கி, 9 கிலோ ஏறியது. எடை குறைக்கும் செமாகுளூட்டைட் ஊசி வாந்தியால் 5 மாதத்தில் நின்றது.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் 'பி' கிரேடு புண், 3 செ.மீ. ஹையாட்டல் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறியிருப்பது). ஸ்லீவில் இரைப்பை குழாய் மாதிரி ஒடுங்கி உள்ளழுத்தம் கூடும், எரிச்சல் மோசமாகலாம். குடலில் ஒரே இணைப்பு போடும் மினி பைபாஸில் பித்தநீர் மேலேறும் பயம். அதனால் குடலை 'Y' வடிவில் இணைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸ்தான், சர்க்கரைக்கும் அதுவே நல்லது என்கிறார் ஒரு சர்ஜன். ஆனால் மூட்டுவலிக்கு வாரத்தில் 4 நாள் டைக்ளோஃபினாக் ஓடுகிறது. பைபாஸ் இணைப்பில் புண் வர அது போதும். இரும்புச்சத்து உறிஞ்சுவதும் குறையும், ரத்தசோகையோ ஏற்கெனவே இருக்கிறது. ஹெர்னியாவைத் தைத்துவிட்டு ஸ்லீவ் போதும் என்பது இன்னொருவர் கட்சி. (எரிச்சல் அடங்காவிட்டால் பிறகு பைபாஸுக்கு மாற்றணும், மறுபடி செலவு.)

ஹெர்னியா தையலோடு ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு 2 வருடம் கழித்து நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது?