மொன்டானாவுக்குக் குடிபெயர்கிறேன்: எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு வழி உண்டா?

கேள்வி: டெக்சாஸில் பெரும்பாலான நிலம் தனியாருடையது என்பதால், இதுவரை குத்தகை கட்டியே மான் வேட்டையாடி வந்தேன். வரும் ஆகஸ்டில் மொன்டானாவின் போஸ்மனில் குடியேறுகிறேன். இந்த இலையுதிர்காலத்திலேயே உள்ளூர்வாசிக்கான எல்க் உரிமம் கிடைக்குமா?

பதில் 1: கிடைக்காது. தொடர்ந்து 180 நாள்கள் வசித்த பிறகே உங்களை உள்ளூர்வாசியாக ஏற்பார்கள். வெளிமாநிலத்தவர் உரிமமோ ஏப்ரல் 1க்குள் விண்ணப்பித்துக் குலுக்கலில் பெற வேண்டியது என்பதால், அந்த வாய்ப்பும் பெரும்பாலும் கைநழுவிவிட்டது.

பதில் 2: முதல் வேட்டைப் பருவத்தை நிலம் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொது நிலம் ஏராளம். பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில் சேர்ந்த தனியார் பண்ணைகளிலும், அனுமதி விதிகளுக்கு உட்பட்டு, கட்டணமின்றி வேட்டையாடலாம். குத்தகை கட்டிப் பழகிய உங்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்!

பதில் 3: 1985 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவரானால், வேட்டைப் பயிற்சிச் சான்றிதழை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.