சின்ன டியூனர் 18-ல் ஓடுகிறது, 7-ல் மறுக்கிறது: கோளாறு எங்கே?

மலைக்கம்பி:
வணக்கம். அமெச்சூர் ரேடியோவுக்கான கையடக்க ஆன்டெனா டியூனர் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். ரிக், அதாவது அனுப்பவும் கேட்கவுமான ரேடியோ, யேசூ எஃப்டி-818, வெளி பேட்டரியில் 6 வாட். டியூனர் ஏடியூ-100, அதாவது என்7டிடிசி என்ற அழைப்புக்குறி கொண்டவர் வடிவமைத்து வரைபடத்தையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டாரே, அது. கிட்டாக வாங்கி நானே சால்டர் செய்து அலுமினியப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

ஏற்காட்டில் தெரிந்தவர் காபித் தோட்டத்தில் தங்கும்போது அங்கிருக்கும் சில்வர் ஓக் மரத்தில் கயிறு எறிந்து கம்பியை ஏற்றுவது வழக்கம். கம்பி 20 மீட்டர், சாதாரண பிவிசி உறை போட்ட வயர். மேல் முனை மரத்தில், கீழ் முனை நேராக டியூனரின் அவுட்புட்டில். டியூனரும் ரிக்கும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில், நடுவே ஒரு சாண் கோஆக்ஸ் கேபிள். வேறு வயர் எதுவும் இல்லை.

பிரச்சினை இதுதான். 7.1 மெகாஹெர்ட்ஸில் (இனி எண் மட்டும் சொல்கிறேன்) டியூன் பட்டனை அழுத்தினால் ரிலேக்கள் கடகடவென்று அடித்து ஓய்ந்த பிறகும் எஸ்.டபிள்யூ.ஆர் (பொருத்தம் எப்படி என்று காட்டும் எண், 1 என்றால் கச்சிதம்) 3-க்குக் கீழே வருவதில்லை, திரையில் இண்டக்டன்ஸ் எட்டரை மைக்ரோஹென்றியில் போய் நிற்கிறது. 14-ல் சில நேரம் 1.5, மறுபடி அழுத்தினால் 2.2, ஒன்றும் நிலையாக இல்லை. 21-ம் அப்படியே இழுக்கிறது. ஆனால் 18-க்குப் போனால் ஒரே அழுத்தில் 1.1! போதாக்குறைக்கு 7-ல் பேசும்போது மைக் உதட்டில் பட்டால் சுருக்கென்கிறது. எனக்கு வேண்டியதே 7 தான், காலையில் நம் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். போர்டில் ஏதாவது ரிலே செத்துவிட்டதா, இல்லை வேறு டியூனரே வாங்கிவிடலாமா?

கடலோரக் கியூஆர்பி:
எந்த மோடில் டியூன் செய்கிறீர்கள்? எஸ்.எஸ்.பி-யில், அதாவது குரல் மோடில், மைக்கின் பிடிடி பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டு டியூன் பட்டனை அமுக்கினால் கேரியரே, அதாவது சீரான சிக்னலே, வெளியே போகாது, டியூனர் அளக்க ஒன்றும் இருக்காது. ‘ஹலோ ஹலோ’ என்று கத்தினாலும் பவர் ஏறி இறங்கும், அது குழம்பிவிடும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மலைக்கம்பி:
இல்லை, சி.டபிள்யூ (மோர்ஸ்) மோடில் கீயை அழுத்திப் பிடித்துத்தான் செய்கிறேன். அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டுத்தான் கேரியர் போடுகிறேன், அந்த ஒழுக்கமெல்லாம் இருக்கிறது.

சால்டர் புகை:
அப்படியானால் முதலில் பெட்டியை ஆன்டெனாவிலிருந்து பிரித்துச் சோதியுங்கள். மரமும் கம்பியும் கண்டபடி மாறும், ரெசிஸ்டர் மாறாது. ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஐந்து வாங்குங்கள். கார்பனோ மெட்டல் ஆக்சைடோ பரவாயில்லை, சிமென்ட் கட்டி போல இருக்கும் வயர்வுண்ட் மட்டும் வேண்டாம், அதற்குள்ளேயே ஒரு காயில் இருக்கிறது. ஐந்தையும் பேரலலாக, கால்களைக் குட்டையாக வெட்டிச் சேர்த்தால் 200 ஓம், 10 வாட் தாங்கும். அதை அவுட்புட்டில் போட்டால் எஸ்.டபிள்யூ.ஆர் 4. நல்ல டியூனராக இருந்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். கணக்குப்படி 7.1-ல் ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றியும் 200 பிகோஃபாரடும் திரையில் வரவேண்டும். வந்தால் பெட்டி மேல் பழி இல்லை.

அப்புறம் ஒன்று, அந்தப் போர்டில் சாதாரண ரிலேக்கள். இழுத்துப் பிடித்திருக்கும் வரை கரண்ட் குடிக்கும். பேட்டரி இறங்கி 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில ரிலே ஒட்டும், சில ஒட்டாது, நீங்கள் சொல்லும் அதே நிலையில்லாத ஆட்டம்தான் வரும். எலெக்ராஃப்ட் டி1 மாதிரி லாட்சிங் ரிலே வைத்த டியூனர்களில் இந்தத் தொல்லை கிடையாது, டியூன் செய்யும் நேரத்துக்கு மட்டும் கரண்ட் போதும். அதற்காக உடனே அதை வாங்கப் போகவேண்டாம், அளந்து பாருங்கள்.

மலைக்கம்பி:
செய்து பார்த்தேன். 200 ஓமில் எஸ்.டபிள்யூ.ஆர் 1.1, இண்டக்டன்ஸ் 1.9 சொச்சம், கெபாசிடன்ஸ் 190 சொச்சம். 14-லும் 21-லும் அதே ஒழுங்கு. பேட்டரி டிரான்ஸ்மிட் செய்யும்போதும் 12.4 காட்டுகிறது. ஆக, பெட்டி சரி. கம்பியைக் கட்டினால் பழைய கதை.

பழைய வால்வு:
தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. 7, 14, 21 மூன்றும் அடம்பிடிக்கின்றன, 18 மட்டும் சொன்ன பேச்சு கேட்கிறது. கம்பி 20 மீட்டர். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியில் அரை அலையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். 7.1-க்கு 20.1 மீட்டர். அப்பட்டமாக உங்கள் கம்பி! 14.2-ல் அது இரண்டு அரை அலை, 21.2-ல் மூன்று. அரை அலைக் கம்பியின் நுனியில் வோல்டேஜ் உச்சம், கரண்ட் சொற்பம். அதனால் அங்கே இம்பீடன்ஸ் (ஏசி கரண்டுக்கான மொத்தத் தடை) 3000 ஓம், 4000 ஓம் என்று எகிறி நிற்கும். 18.1-ல் கணக்குப் போடுங்கள், அரை அலை 7.9 மீட்டர், 20 மீட்டரில் அது இரண்டரை முறை அடங்கும். அந்த ‘அரை’ தான் உங்களைக் காப்பாற்றுகிறது. நுனியில் வோல்டேஜுக்குப் பதிலாகக் கரண்ட் உச்சம், இம்பீடன்ஸ் 50 ஓமை ஒட்டி நிற்கும், டியூனருக்கு வேலையே இல்லை.

இப்போது டியூனர் ஏன் எட்டரையில் முட்டி நிற்கிறது என்று பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு எல் நெட்வொர்க். ஏழு காயில், ஏழு கெபாசிட்டர், கெபாசிட்டரை எந்தப் பக்கம் போடுவது என்று மாற்ற ஒரு ரிலே. 128 பெருக்கல் 128 பெருக்கல் 2, மொத்தம் 32768 சேர்க்கை. கேட்கப் பெரிய எண்தான், ஆனால் காயில் எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்டரை மைக்ரோஹென்றி சொச்சம்தான். 50 ஓமை 3000-க்கு ஏற்ற 7.1-ல் 8.6 வேண்டும். 4000 என்றால் கிட்டத்தட்ட 10. இல்லாததை அது எங்கிருந்து கொடுக்கும்? 14-ல் பாதிதான் தேவை என்பதால் எட்டிப்பிடிக்கிறது, ஆனால் அங்கே வேண்டிய கெபாசிடன்ஸ் 30 பிகோ பக்கம். உங்கள் போர்டில் சின்னப் படி 10 பிகோ. ஒரு படி தள்ளிப்போனால் எஸ்.டபிள்யூ.ஆர் தாவும், கம்பி காற்றில் ஆடினாலும் தாவும்.

ஆக, நீளத்தை மாற்றுங்கள். எந்த பேண்டிலும் முழு அரை அலைக்கூட்டாக வராத நீளம் வேண்டும். 12.5 மீட்டர் நன்றாக வேலை செய்யும். இடமிருந்தால் 17.7-ம் சரி, ஆனால் 7-ல் அது அரை அலைக்குக் கொஞ்சம் கிட்டே வரும், உங்களுக்கு 12.5 போதும்.

உதட்டுச் சுருக்குக்குக் காரணம் வேறு. கம்பிக்குள் கரண்ட் போகவேண்டுமானால் மறுபக்கம் ஒன்று வேண்டும். நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. அதனால் ரிக்கின் உடம்பு, மைக் வயர், பேட்டரி வயர், நீங்கள், எல்லாம் சேர்ந்து கவுண்டர்பாய்ஸ், அதாவது ஆன்டெனாவின் அந்த மறுபக்கம், ஆகியிருக்கிறீர்கள். டியூனரின் பெட்டி பக்கத்தில், அதாவது கிரவுண்ட் ஸ்க்ரூவில், 5 மீட்டர் வயர் ஒன்று மாட்டித் தரையில் இழுத்துவிடுங்கள். மண்ணில் புதைக்க வேண்டியதில்லை.

கடலோரக் கியூஆர்பி:
ஒரு யோசனை. மரத்தடியில் கம்பி, அங்கிருந்து வீட்டுக்குள் 15 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ், டியூனர் உள்ளே ரிக் பக்கத்தில் என்று வைத்தால்? ஆர்எஃப் (ரேடியோ அலைக் கரண்ட்) வெளியிலேயே நிற்குமே. எனக்கு அப்படித்தான் ஓடுகிறது, எஸ்.டபிள்யூ.ஆர் 1.2 காட்டுகிறது.

பழைய வால்வு:
1.2 காட்டும், அதில் சந்தேகமில்லை. அது ரிக்குக்கும் டியூனருக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் வயரின் 1.2. டியூனருக்கு அப்பால் கோஆக்ஸில் இருப்பது மாறவே மாறாது. 3000 ஓம் நுனியை 50 ஓம் கேபிளில் கட்டினால் அங்கே எஸ்.டபிள்யூ.ஆர் 60. 15 மீட்டர் ஆர்ஜி-58 சரியாக மேட்ச் ஆகியிருந்தால் 7-ல் அரை டெசிபெல்தான் விழுங்கும். ஆனால் 60-ல் அதே கேபிள் ஏறக்குறைய 7 டெசிபெல் விழுங்கும். 5 வாட் அனுப்பினால் கம்பிக்கு 1 வாட் போய்ச் சேர்ந்தால் பெரிது. நஷ்டமுள்ள கேபிள் எஸ்.டபிள்யூ.ஆரைக் குறைத்துக் காட்டுவதால் டியூனருக்கும் வேலை சுலபமாகிவிடுகிறது, நாமும் மகிழ்ந்துவிடுகிறோம். கேபிள் போடுவதானால் டியூனர் மரத்தடியில், கேபிள் ரிக் பக்கம். மேட்ச் ஆன பக்கத்தில் 15 என்ன, 20 மீட்டர் கூட ஓடட்டும். மழை படாமல் டப்பாவில் வைத்தால் சரி.

கடலோரக் கியூஆர்பி:
அட, இந்த வாரம் நம் பெட்டியையும் வெளியே எடுத்துப் பார்க்கிறேன்.

ஃபெரைட் வளையம்:
கம்பியை வெட்ட வேண்டாம்! 20 மீட்டர் அரை அலைக் கம்பி கையில் இருப்பது தங்கம். ஒரு எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுங்கள்: பிரைமரி 2 சுற்று, செகண்டரி 14 சுற்று, பிரைமரிக்குக் குறுக்கே 100 பிகோ கெபாசிட்டர். 7-க்கு 7 பெருக்கினால் 49, 2450 ஓமை 50-க்கு இறக்கிவிடும். 7, 14, 21, 28 நான்கிலும் டியூனரே இல்லாமல் பேசலாம், பையில் ஒரு பெட்டி குறையும். டியூனரே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

சால்டர் புகை:
அதுவும் சரிதான், ஆனால் அப்புறம் 18-ஐ மறந்துவிட வேண்டும், அவருக்கு இப்போது நன்றாக ஓடும் ஒரே பேண்ட் அதுதான். மரம் கிடைக்காத இடத்தில் கம்பியைக் கோணலாகக் கட்டும்போது டியூனர் பாவத்தைக் கழுவும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மலைக்கம்பி, வெட்டாமல் முதலில் மேல் முனையிலிருந்து ஏழரை மீட்டரை மடித்து அதே கம்பி மேலேயே நெருக்கமாக முறுக்கிக் கட்டிப் பாருங்கள். பிவிசி உறை இருப்பதால் பரவாயில்லை, சோதனைக்குப் போதும்.

எறியும்போது பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டங்களில் மரத்துக்குள்ளேயே வரும், கண்ணுக்குத் தெரியாது.

மலைக்கம்பி:
எல்லோருக்கும் நன்றி. மின்கம்பி தோட்டத்தின் மறுபக்கம், பயமில்லை. முறுக்கி 12.5 ஆக்கி, 5 மீட்டர் கவுண்டர்பாய்ஸை டியூனர் பெட்டியில் மாட்டினேன். 7.1-ல் 1.2, இண்டக்டன்ஸும் எட்டரையை விட்டு வெகுவாக இறங்கிவிட்டது. 14-ல் 1.3, எத்தனை முறை அழுத்தினாலும் அதே. 18-ம் 21-ம் அடங்கிவிட்டன. மைக் சுடவில்லை. காலையில் 7-ல் கோயம்புத்தூரும் பெங்களூரும் நல்ல சிக்னலோடு கேட்டன, 6 வாட்டுக்கு 5-9 (தெளிவும் பலமும் நன்று என்ற ரிப்போர்ட்) கொடுத்தார்கள், கொஞ்சம் பெருந்தன்மைதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. மதியம் 28.4 திறந்திருந்தது, அங்கே போனால் பழையபடி மைக் சுருக்கென்கிறது, தொட்டால் எஸ்.டபிள்யூ.ஆர் மாறுகிறது. 143-ஐ வகுத்துப் பார்த்தேன், 28.4-ல் அரை அலை 5.03 மீட்டர், என் 12.5 அதில் இரண்டரை முறை. கம்பி சரியாகத்தானே இருக்கிறது?

பழைய வால்வு:
கம்பி சரி. தரையில் கிடப்பது எத்தனை மீட்டர்?

மலைக்கம்பி:
5... ஓ. அதுவே அரை அலை!

பழைய வால்வு:
அதேதான், 5 மீட்டர் சொன்னவன் நான்தான், உங்களுக்கு 7 தான் வேண்டும் என்றதால் 28-ஐ யோசிக்கவில்லை. அரை அலை வயரின் நுனியில் கரண்ட் நுழையாது, அதனால் மறுபடி ரிக்கின் உடம்பைத் தேடிப் போகிறது. இரண்டரை மீட்டரில் இன்னொரு வயர் வெட்டி அதே ஸ்க்ரூவில் மாட்டுங்கள், 5-ஐ எடுக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு பக்கம் கிடக்கட்டும். தரையில் கிடக்கும் வயரில் மண்ணின் பாதிப்பும் உண்டு, அதனால் அளவு அச்சுப் பிசகாமல் இருக்கவேண்டியதில்லை.

மலைக்கம்பி:
மாட்டியாயிற்று. 28.4-ல் 1.3, மைக்கைக் கடித்தாலும் ஒன்றும் இல்லை. ஃபெரைட் வளையம் சொன்ன 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மருக்கு வளையம் ஆர்டர் போட்டிருக்கிறேன், முறுக்கியதைப் பிரித்தால் 20 மீட்டர் அப்படியே இருக்கிறது. 73 (வாழ்த்துகள்).

ஃபெரைட் வளையம்:
அப்படிப் போடுங்கள். கெபாசிட்டர் மட்டும் 1 கிலோவோல்ட் தாங்குவதாக வாங்குங்கள், 50 வோல்ட் சமாச்சாரம் வேண்டாம். 73.