வெளிநாட்டிலிருந்து வந்ததும் காய்ச்சல்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கன்னியா மகள்:
தம்பிக்கு மாலைதீவில் ஹோட்டல் வேலை. லீவில் வந்த கையோடு காய்ச்சல் பிடித்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அம்மா "பயணக் களைப்பு" என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

டொக்டர் முதலில் கேட்டதே "எங்கயிருந்து வந்தனீங்கள்?" என்றுதான். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ். அதை மட்டும் வைத்து டெங்கு இல்லையென்று சொல்ல முடியாதாம். பிளேட்லெட் பார்க்க மறுபடி மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அதுவரை பெனடோல் மட்டும்தான். மூட்டு வலிக்கென்று பார்மசியில் புரூஃபன் வாங்கிப் போட்டால், டெங்குவாக இருக்கும் பட்சத்தில் இரத்தக் கசிவு வரலாம் என்றார். கடைசியில் அது சிக்குன்குனியா.

டெங்கு என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி அறிவிக்க வேண்டும் என்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வீட்டுக்கு வந்தார். பீலி, பூச்சாடி, பிரிஜ்ஜின் பின்தட்டு எல்லாம் பார்த்துவிட்டு, தம்பியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம். "அவனை அங்க கடிச்சு முடிஞ்சுது. இனி வலை எதுக்கு?"

வலை அவனுக்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காக. முதல் வாரம் வைரஸ் இரத்தத்தில் ஓடும். பகலில் கடிக்கும் நம்மூர் ஏடிஸ் நுளம்பு அதைக் குடித்தால், சில நாளில் அடுத்தவருக்கும் ஏற்றிவிடும். ரியூனியன் தீவு, இந்தியா என்று பரவிய சிக்குன்குனியா 2006 கடைசியில் திருகோணமலைக்கும் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொன்னதும் அம்மா வாயே திறக்கவில்லை.

நிலாவெளி கெஸ்ட்ஹவுஸ்:
இங்கே கதை தலைகீழ். எங்களிடம் தங்கிப் போன பிரெஞ்சுத் தம்பதிக்கு ஊர் போனபின் டெங்கு. அங்கேயும் ஏடிஸ் வகையான புலி நுளம்பு பரவியிருப்பதால், மே முதல் நவம்பர் வரை இப்படி வருகிற நோயாளிகளைக் கூடுதலாகக் கண்காணிக்கிறார்களாம். சுகாதாரப் பகுதியினர் எங்கே தங்கினீர்கள் என்று விசாரித்து, அவர்கள் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரையும் பார்த்தார்களாம். பாரிஸ் என்றாலும் பூச்சாடிதான் போல! அவர்கள் எழுதிய மின்னஞ்சலுக்குப் பிறகு எங்கள் தோட்டத்துச் சிரட்டைகளை எல்லாம் அள்ளினோம். காய்ச்சல் என்று சொல்லும் விருந்தாளிக்கு இப்போது முதலில் வலையையும் ரெப்பலன்டையும் கொடுக்கிறோம்.

உப்புவெளி:
மாலைதீவு போய்வரும் ஆண்கள், இதே ஏடிஸ் நுளம்பு பரப்பும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ஸிக்கா வைரஸையும் நினைவில் வையுங்கள். பலருக்கு அறிகுறியே இராது, ஆனால் உடலுறவு வழியாகவும் தொற்றும். பிள்ளைக்கு முயற்சி செய்கிறோம் என்று சொன்னதும், திரும்பி வந்து மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார் டொக்டர். மனைவி கர்ப்பமாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை உடலுறவில் பாதுகாப்பு வேண்டுமாம். இதை மாமியாருக்கு எப்படி விளக்குவது என்பதுதான் பாடு.

கன்னியா மகள்:
தம்பிக்குக் காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. காலையில் எழும்பினால் விரல் மட்டும் இன்னும் மடங்கமாட்டேன் என்கிறது. சிக்குன்குனியா வந்த வேறு யாருக்காவது மாதக்கணக்கில் இப்படி இழுத்ததா? எந்தக் கிளினிக்கில் காட்டினீர்கள்?