புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு இந்து அக்காவை எங்கள் கோவிலுக்கு (சர்ச்சுக்கு) கூப்பிட்டுவிட்டேன்

பக்கத்து வீட்டு அக்காவை சர்ச்சுக்குக் கூப்பிட ஆசை, ஆனால் மதம் மாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ, எப்படிக் கூப்பிடுவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்.

ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் அறுப்பின் பண்டிகைக்குத்தான், அதாவது விளைச்சலுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் விழாவுக்கு. நவராத்திரிக்கு அவர்கள் "கொலு பார்க்க வா" என்பது போலவே வாசலில் நின்று சொன்னேன். திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுக்க நாங்கள் முன்னால் போகும்போது நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம் அக்கா என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதுதான் அவர்களுக்குப் பெரிய நிம்மதியாம்.

அப்புறம், காணிக்கையாக வந்த வாழைத்தார், நாட்டுக்கோழி எல்லாம் ஏலம் போனபோது அக்காவும் ஒரு பூசணிக்காயை ஏலம் எடுத்தார்கள்! மறுநாள் அதில் சாம்பார் வைத்து எங்களுக்கும் கொடுத்தார்கள். டிசம்பரில் நாங்கள் கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) பாட வரும்போது அவர்கள் வீட்டு வாசலிலும் பாட வேண்டுமாம்.